நடு சைஸ் அட்டை

அந்த அக்கா வீட்டுச் சுவர்க்கடிகாரம் நாற்பது நிமிஷம் முந்தி ஓடும். ஃபேக்டரியில் காலைச் சங்கு ஊதும்போது ஊரெல்லாம் ஏழரை என்றால் அவள் வீட்டில் எட்டு பத்து. திருத்தி வைக்கலாமே என்று யாராவது சொன்னால் அக்கா அண்ணாந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். பிறகு ஃபேக்டரி இருக்கும் திசையைப் பார்ப்பாள்.

"சங்கு ஊதுறவன் தூங்கிட்டான்" என்பாள்.

தான் செய்தது தப்பு என்று அவள் ஒப்புக்கொண்டு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதுவும் ஊர் கூடி நிற்கும்போது. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெயரை எழுதப் போவதில்லை. அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கு அக்கா. அவள் வயதுக்காரிகளுக்கு மைனி. கோபம் வந்தால் 'ஏ தென்காசிக்காரி.' குட்டையான, கெட்டியான உடம்பு. வெற்றிலைக் காவி ஏறிய உதடு. பேசும்போது மோவாய் முன்னால் வந்துவிடும். தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அந்தப் பிரிவிலேயே வேகமான கை அவளுடையது. பறிக்கும்போது செடியைப் பார்க்க மாட்டாள். பக்கத்தில் பறிப்பவளிடம் பேசிக்கொண்டே இருப்பாள். கை தானாகப் போகும்.

நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே பிறந்தவன். எங்கள் பக்கம் கடலைக்காடு, சோளக்காடு. அண்ணன்மார் மூன்று பேர் பார்த்த பூமிக்கு நாலாவது ஆள் தேவைப்படவில்லை. எனக்கும் ஓர் இடத்தில் கால் நிற்காது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், ஏலக்காட்டில் காவல், பாலம் கட்டும் இடத்தில் கல் சுமப்பது என்று சுற்றி, எழுபதுகளின் நடுவில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் வந்து விழுந்தேன். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு பிளக்கும் வேலை. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளை லயம் என்பார்கள். ஆறாம் லயத்தின் கடைசி வீட்டில் அக்கா இருந்தாள். என்னையும் சேர்த்துத் தனியாக இருந்த மூன்று பேருக்குச் சோறு போட்டாள்.

முதல் நாள் மரவள்ளிக்கிழங்கு அடிப்பிடித்திருந்தது. நான் தட்டில் கறுப்பைக் கிள்ளி ஒதுக்கினேன்.

"ஏலே பாலக்காட்டான், அதத்தான் மொதல்ல திங்கணும்."

"கருகியிருக்குதுங்க்கா."

"கருகல. அது அப்பிடித்தாம்ல இருக்கணும். கெழங்குக்கு வாசம் எங்கேருந்து வரும்? ஒங்க ஊர்ல அவிச்சே தின்னு நாக்கு செத்துப்போச்சி."

மூன்றாம் வாரத்தில் அடிப்பிடிக்காத கிழங்கு எனக்கு ருசிக்காமல் போனது. அதுதான் அவளிடம் ஆபத்து.

அவள் வீட்டுக் கூரையில் ஒரு தகரம் ஓட்டை. மழை வந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் ஒழுகும். அங்கே ஒரு செம்புப் பானையை வைத்தாள். பானை நிறைந்தால் அந்தத் தண்ணீரில் உலை வைப்பாள். கூரை பார்க்க வந்த எஸ்டேட் ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். "இந்த லயத்துல எவ வீட்டுக்குள்ள குழாய் இருக்கு, சொல்லு" என்று கேட்டாள். ஆசாரி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுளிச் சந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வண்டிப்பெரியாரில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பலகையில் மலையாளத்தில் கோட்டயம் என்று இருந்தது. எனக்கு அதைப் படிக்கும் அளவுக்குப் படிப்பு உண்டு.

"ஏனுங்க்கா, இது கோட்டயம் போறதுங்க. குமுளி அந்தப் பக்கமுங்க."

"ஏறுல."

பீர்மேடு போனது. குட்டிக்கானம் போனது. பஸ் வளைந்து வளைந்து கீழே இறங்கி, குளிர் போய் வேர்க்க ஆரம்பித்தது. அக்கா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் தெரிந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். முண்டக்கயத்தில் இறங்கினாள். கடைத்தெருவை இரண்டு தரம் சுற்றினாள். ஒரு கடையில் மத்திக் கருவாடு தொங்கியது. அதை வாங்கி முகர்ந்து பார்த்து என் கையில் கொடுத்தாள்.

"குமுளிக்குப் போயிருந்தா இது கெடச்சிருக்குமால?"

கருவாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது.

புருஷனைப் பற்றி நான் ஒரு தடவைதான் கேட்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "செங்கோட்டைப் பக்கம் இன்னொருத்தியோட இருக்காரு" என்றாள். வெற்றிலையை மடித்தாள். "நல்ல பொம்பள. அவருக்கு நான் பொண்ணு பாத்திருந்தாலும் அவளத்தான் பாத்திருப்பேன்." வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. தென்காசியில் அவளுக்கு யாரும் மிச்சமில்லை என்பதும், அந்த ஒழுகுகிற வீட்டைத் தவிரப் போக ஓர் இடம் இல்லை என்பதும் வேறு ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பச்சை குத்தியிருந்தாள். கோலப்புள்ளி, தேர், ஒரு மீன், ஒரு தேள். எல்லாம் சின்ன வயதில் ஊரில் குத்தியவை. தேளைக் குத்தியதால்தான் இதுவரை ஒரு தேளும் தன்னைக் கொட்டவில்லை என்பாள். அந்தக் குளிரில் தேளையே காண்பது அரிது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மலையில் தேளைவிடப் பெரிய தொல்லை அட்டை. மழை தொடங்கினால் ஒவ்வொரு புல்லின் நுனியிலும் ஒன்று எழுந்து நின்று ஆடிக்கொண்டிருக்கும். பெண்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவி, மேலே சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறுவார்கள். அப்படியும் சாயங்காலம் துணியை அவிழ்த்தால் நாலைந்து உருண்டு விழும்.

வைகாசி கடைசியில், மழைக்கு முன்னால், கம்பத்திலிருந்து பச்சை குத்துகிற பெண் ஒருத்தி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. லயத்து வாசலில் பெட்டியை இறக்கி, ஊசிக் கட்டை எடுத்து, சிரட்டையில் மையைக் குழைத்தாள். அக்கா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு காலை நீட்டினாள். கையில் இடமில்லை.

"என்ன போடட்டும் தாயி? கிளியா, கொடியா?"

"அட்டை."

பச்சை குத்துகிறவள் மை தொட்ட ஊசியோடு நிமிர்ந்தாள்.

"தேளப் பச்சை குத்துனா தேள் கொட்டாது. சரியா?" என்றாள் அக்கா.

"ஆமா, அப்பிடித்தான் சொல்லுவாக."

"அப்பம் அட்டையக் குத்துனா?"

"ஏந்தாயி, முப்பது வருசமா குத்துறேன். இப்பிடி ஒருத்தியும் கேட்டதில்ல."

"கேட்டிருக்கணும்."

பச்சை குத்துகிறவள் அட்டையைப் பார்த்ததே இல்லையாம். கம்பத்து வெயிலில் அது கிடையாது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஓடையோரம் போய் ஈரமான இடத்தில் தேடி, ஒன்றைத் தீப்பெட்டியில் பிடித்துக்கொண்டு வந்தேன். அதை ஒரு வெற்றிலைமேல் விட்டோம். அது வாலை ஊன்றி எழுந்து நின்று நாலு திசையும் ஆடியது.

"அதச் சும்மா இருக்கச் சொல்லுப்பா" என்றாள் பச்சை குத்துகிறவள் என்னிடம்.

"நாஞ் சொன்னாக் கேக்காதுங்க."

ஒரு நேரம் மிளகு மாதிரி சுருங்கியது. மறுநேரம் நூல் மாதிரி நீண்டது. அவள் ஊசியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். "எந்த சைஸு தாயி போட?"

அக்கா மோவாயை நீட்டி யோசித்தாள். "நடு சைஸு."

சின்ன விரல் நீளத்துக்கு ஓர் அட்டை அவள் வலது கெண்டைக்காலில் உருவாகி முடிந்தபோது, மாதிரிக்கு வைத்த அட்டையை வெற்றிலையில் காணோம். அது பச்சை குத்துகிறவளின் கட்டைவிரலில் இருந்தது. அவள் போட்ட கூச்சலில் மைச் சிரட்டை கவிழ்ந்தது. லயமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்காமல் எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "பாத்தியளா? குத்தாதவளத்தான் கடிக்கி."

அதைவிட நல்ல சாட்சி இனி வேண்டியதில்லை. அங்கேயே நாலு பெண்கள் அடுத்த தடவை தங்களுக்கும் அட்டை போடவேண்டும் என்று சொல்லிவைத்தார்கள்.

ஒன்பது நாள் அந்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தவிர எதையும் தொடவிடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பச்சை குத்துகிறவள் போனாள். மூன்றாம் நாள் மழை பிடித்தது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, கூலியும் கிடையாது. அக்கா சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு மலையேறினாள். காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தடவவில்லை. இனி தனக்கு அது வேண்டாம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் சாப்பிடப் போனபோது கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா அடுப்பு வெளிச்சத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி அவிழ்த்துக் கிடந்தது. பச்சை குத்திய அட்டையின்மேல், தலைக்குத் தலை வாலுக்கு வால் சரியாக, ஒரு நிஜ அட்டை ஊதிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு விரல் சுண்ணாம்பை வழித்து அதன்மேல் அப்பினாள். அட்டை சுருண்டு விழுந்தது. சுண்ணாம்பு ஊசிப்புண்ணில் இறங்கியது.  அவள் கால்விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"நீ ஒண்ணும் பாக்கல."

"இல்லீங்க்கா. நான் எதையும் பாக்கலீங்க."

மறுநாளும் கடித்தது. அதற்கடுத்த நாளும். அவள் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு சுண்ணாம்பு வைத்தாள். காலையில் மற்றப் பெண்கள், "என்ன மைனி, கடிக்கலியா?" என்று கேட்பார்கள். "கிட்ட வரல" என்பாள். அந்த இடம் வெந்து, சீழ் வைத்து, துணியோடு ஒட்டிக்கொண்டது. நொண்டி நடந்தாள். ஏன் நொண்டுகிறாய் என்று கேட்டால், சரிவில் இப்படி நடந்தால்தான் வழுக்காது என்றாள். ஒரு கிழவர் அதை நம்பி நாலு நாள் அவளைப்போல நடந்து பார்த்தார்.

ஆவணியில்தான் புண் ஆறியது. ஆறியபோது கோடாக இருந்த அட்டை மேடாகிவிட்டது. கட்டைவிரல் பருமனில் தடித்து, கறுத்து, எண்ணெய் பூசியது மாதிரி மினுங்கியது. வயிறு முட்ட ரத்தம் குடித்துவிட்டுப் படுத்திருக்கும் அட்டையேதான். சுற்றிலும் தோல் வெளிறிக் கிடந்தது.

"கெட்டுப்போச்சுங்களேக்கா" என்றேன்.

"கெடல. வளந்திருக்கு. அது அப்பிடித்தாம்ல இருக்கணும்."

அதைப் பார்த்து உப்பு எடுக்க ஓடாதவர்கள் அந்த எஸ்டேட்டில் குறைவு. தபால்காரர் ஒரு தடவை குடையால் தட்டிவிடப் பார்த்தார். புதிதாக வருகிறவர்கள் "அம்மா, கால்ல, கால்ல" என்று பதறுவார்கள். அக்காவுக்கு அதில் ஒரு பெருமை. சேலையை முன்னைவிட ஒரு சாண் உயர்த்திக் கட்ட ஆரம்பித்தாள்.

இந்தப் பெருமையில்தான் வினை வந்தது. எஸ்டேட்டுக்கு ஒரு புது ஃபீல்டு ஆபீசர் வந்திருந்தார். சின்ன வயசு மலையாளி, ரொம்ப நல்ல மாதிரி. செங்குத்தான ஒரு சரிவில் அக்கா மேல் வரிசையில் பறித்துக்கொண்டிருக்க, அவர் கீழ் வரிசை வழியாக சிகரெட் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் கெண்டைக்கால் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. ஐயோ பாவம் என்று நினைத்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் சிகரெட் நெருப்பை அட்டையின் முதுகில் வைத்தார். அட்டை விழவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அப்போதும் விழவில்லை. அக்கா மேலே பேசிக்கொண்டே பறித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோல் கருகும் வாடை வந்தபிறகுதான் ஆபீசருக்கு அது காலே என்று புரிந்தது. சிகரெட்டை எறிந்துவிட்டு நேராக டிஸ்பென்சரிக்கு ஓடினார்.

கம்பவுண்டர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். குண்டூசியால் தழும்பின் நடுவில் குத்தினார். வெளிறிய தோலில் குத்தினார். ஒவ்வொரு தடவையும் "அறியுதா?" என்று கேட்டார். அக்கா, "எப்பக் குத்தப் போறிய?" என்று கேட்டாள். கம்பவுண்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பச்சை குத்திய இடம் மரத்துப்போகாது, கையில் குத்தியதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார். தோல் வெளுத்து உணர்ச்சி போனால் அதற்கு ஒரே பெயர்தான். பெருவியாதி என்கிற குஷ்டம்.

இரண்டு வாரத்தில் டாக்டர் வருவார், அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். டாக்டரும் அதையே சொன்னால் அடிவாரத்தில் எங்கேயோ இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். எத்தனை வருஷம் என்று தெரியாது. பேரை வெட்டிவிடுவார்கள். லயத்து வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே குழாயடியில் பக்கத்துவீட்டு மைனி தன் குடத்தை அக்காவின் குடத்திலிருந்து நாலு முழம் தள்ளி வைத்தாள். சாப்பிட வந்துகொண்டிருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவனுக்கு வயிறு சரியில்லாமல் போனது. இன்னொருவனுக்குத் திடீரென்று ஒரு சித்தி வந்துவிட்டாள். நான் போய்க்கொண்டிருந்தேன். இதில் பெரிய மனசு ஒன்றும் இல்லை. விறகு பிளந்தால் பசிக்கும்.

"ஏனுங்க்கா, சுண்ணாம்புல வெந்ததுதான்னு சொன்னா முடிஞ்சுதுங்களே" என்றேன்.

"ஏன் சுண்ணாம்பு வச்சன்னு கேப்பாவ."

"அட்டை கடிச்சுதுன்னு சொல்லுங்க."

"அட்டையக் குத்திக்கிட்டவள அட்டை கடிச்சிச்சின்னா?" மோவாய் முன்னால் வந்தது. "மழை முழுக்க கிட்ட வரல கிட்ட வரலன்னு சொல்லியிருக்கேம்ல. இந்த லயம் ஒரு வருசம் சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஊட்டை விட்டுப் போறதுக்கு அது தேவலாமுங்க."

"சோத்தத் தின்னுட்டுப் போல."

இரண்டாம் வாரம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னவோ குறைகிறது என்று தோன்றியது. அண்ணாந்து பார்த்தேன். கடிகாரம் நின்றிருந்தது.

"சாவி கொடுக்கலீங்களா? கடிகாரம் நின்னு போச்சுங்க்கா."

அவளும் பார்த்தாள். அது அப்படித்தான் இருக்கணும் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். எனக்கு அன்றுதான் பயம் வந்தது.

டாக்டர் வந்த அன்று துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யாரும் வராததால் நான் போனேன். டாக்டர் ஒரு நடுவயது மலையாளப் பெண்மணி, கண்ணாடி போட்டவர். ஜன்னலுக்கு வெளியே ஆறாம் லயமே நின்றது. பக்கத்தில் வரப் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

டாக்டர் முதலில் ஒரு சீட்டை மடித்து அட்டையைத் தள்ளிவிடப் பார்த்தார். கம்பவுண்டர், "அது தன்னேயாணு கேஸ்" என்றார். அதுதான் கேஸே என்றதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தழும்பைச் சுற்றி ஊசியால் குத்திக்கொண்டே போனார். வெளிறிய தோலைத் தாண்டியதும் அக்கா "யம்மா" என்றாள். டாக்டர் தலையாட்டினார். முழங்காலுக்குப் பின்னாலும் முழங்கையிலும் நரம்பைத் தடவிப் பார்த்தார். காதைப் பார்த்தார்.

"இது பொள்ளிய பாடல்லே? எந்தா தேய்ச்சது?"

வெந்த தழும்பு மாதிரி இருக்கிறது, என்ன தடவினாய் என்று கேட்கிறார். அக்காவுக்குப் புரிந்தது. சேலையை இழுத்துக் காலை மூடினாள். டாக்டர் காத்திருந்தார். எதுவும் தடவவில்லை என்றால் அனுப்பி வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"டாக்டருங்க, அதுங்க…" என்று ஆரம்பித்தேன்.

"ஏலே! யார் காலு இது? ஓங் காலா எங் காலா?"

என்னை அடக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். அத்தனை முகமும் அங்கே இருந்தது. ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கலாம். டாக்டர் காதில் சொல்லியிருக்கலாம். மோவாயை நீட்டிக்கொண்டு, மலைச்சரிவில் அடுத்த வரிசைக்குக் கேட்கப் பேசுவதுபோலப் பேசினாள்.

"சுண்ணாம்பு. பதினெட்டு நாள் வச்சேன்."

"எந்தினா?"

"அட்டை கடிச்சிச்சி."

"எவிடே?"

அக்கா மூச்சை இழுத்துவிட்டாள். "இந்த அட்டை மேலயே."

 வெளியே பக்கத்துவீட்டு மைனியின் குரல் கிளம்பியது. "கிட்ட வரலன்னியே மைனி! கிட்ட வரலன்னியே!" அவள் சிரித்துச் சிரித்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இருந்தவர்களும் ஆரம்பித்தார்கள். இரண்டு வாரமாகச் சிரிக்காமல் இருந்த லயம் அது. கம்பவுண்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. டாக்டர் மட்டும் சிரிக்காமல், நோய் எதுவும் இல்லை, வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவரும் சிரித்தார்.

அக்கா எல்லோரும் ஓயும்வரை பொறுத்திருந்தாள். காகிதத்தை வாங்கி இடுப்பில் செருகினாள். ஜன்னலருகே போனாள்.

"கடிச்சிச்சி, சரி. தப்புத்தான். கடிச்ச அட்டை என்ன ஆச்சின்னு ஒருத்தியாவது கேட்டியளா? பதினெட்டும் செத்துப்போச்சி!"

அவள் வாயிலிருந்து 'தப்புத்தான்' என்ற சொல் வந்ததை அந்தச் சிரிப்பில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியாது. நான் கவனித்தேன்.

மறுநாள் குழாயடியில் பக்கத்துவீட்டு மைனியின் குடம் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மைனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா தன் குடத்தை வைத்துவிட்டு, "அந்தத் தள்ளுன எடமும் நல்ல எடந்தான். வெயில் படாது" என்றாள். மைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் நான் சாப்பிடப் போனபோது கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிஷம் முந்தி.

லயம் ஒரு வருஷம் சிரிக்கும் என்று அவள் சொன்னது சரியில்லை. இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது.

மாசியில் பச்சை குத்துகிறவள் மறுபடி வந்தாள். அட்டைக்குச் சொல்லிவைத்த நாலு பேரும் கிளிக்கும் கொடிக்கும் மாறிவிட்டார்கள். அக்கா இடது காலை நீட்டினாள். "ஜோடி இருக்கணும்லா" என்றாள். பச்சை குத்துகிறவள் வலது காலைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். "ஐயோ தாயி, எங் கையால இப்பிடியா ஆச்சு?"

"ஓங் கைக்கு என்ன கொறச்சல்? நீ சின்னதாத்தான் போட்ட. அது நல்லாத் தின்னு வளந்திருக்கு."

இந்தத் தடவை மழை இல்லை, அட்டை இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஒன்பதே நாளில் ஆறிவிட்டது. மெல்லிசான பச்சைக் கோட்டில், வளைவு நெளிவோடு, அவ்வளவு அழகான ஓர் அட்டையை யாரும் பார்த்திருக்க முடியாது. லயத்துப் பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"இது பட்டினி" என்றாள்.

அந்தச் சித்திரையில் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்தது. போடிப் பக்கம் பருத்தி மில்லில் வேலை இருப்பதாக ஒருவன் சொன்னான். அக்கா வண்டிப்பெரியார்வரை வழியனுப்ப வந்தாள். அடிப்பிடித்த கிழங்கை இலையில் கட்டிக் கொடுத்தாள். குமுளி போய் அங்கிருந்து மலையிறங்க வேண்டும். ஒரு பஸ் வந்தது. பலகையைப் பார்த்தேன். கோட்டயம்.

"ஏறுல, ஒன் பஸ்ஸு" என்று என் பையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

வாயைத் திறந்தேன். அவள் மோவாய் ஏற்கெனவே முன்னால் வந்திருந்தது. பேசாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போடியானாலும் கோட்டயமானாலும் எனக்கு ஒன்றுதான். எங்கே என்று கண்டக்டர் கேட்டார். இது எதுவரை போகுமோ அதுவரை என்றேன். அந்தப் பஸ்ஸில் போன இடத்தில் எனக்கு இரண்டு வருஷம் நல்ல வேலை கிடைத்தது. அது அவளுக்குத் தெரிந்திருந்தால் நான் அவளோடு பேசியே ஜெயித்திருக்க முடியாது.

பஸ் நகர்ந்தபோது கண்டக்டர் படியில் நின்றபடி வெளியே பார்த்துவிட்டுக் கத்தினார். "சேச்சீ! காலில் அட்ட! வலத்தே காலில்!"

அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இடது கால்லயும் இருக்கு, கண்ணு தெரியலியா?" என்று திருப்பிக் கத்தினாள்.